பிசையாத சோறு

என் மகளுக்கு இருபது மாதம் ஆகியிருந்தபோது, ஓர் இரவு ஒரு சின்னக் கிண்ணம் பருப்புச் சாதம் ஊட்ட எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை மூன்று சுற்று சுற்றினோம். மின்தூக்கிப் பொத்தானை அமுக்க விட்டேன், பூனையைக் காட்டினேன். கடைசியில் கைபேசியில் பாட்டுப் போட்டு, அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் ஒரு கவளத்தைத் திணித்தேன். அதை அப்படியே என் தோளில் துப்பிவிட்டு அழுதாள். நானும் அங்கேயே கல்மேசையில் உட்கார்ந்து அழுதேன். எதிர் மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த சீனப் பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நாகரிகத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பதின்மூன்று மாதம் வரை அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இட்லி, மசித்த உருளை, மீன் கஞ்சி எல்லாம் இறங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கஞ்சி, அடுத்து பருப்புச் சாதம், அதற்கடுத்து தயிர்ச் சாதம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என்ன, பிள்ளை மெலிஞ்சுட்டா?" என்றார்கள். அந்தக் கேள்வி தாயின் நெஞ்சில் எங்கே போய்த் தைக்கும் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போனபோதே ஒரு தாதி எனக்குச் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார். நான்தான் அதை உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. எடை 9.4 கிலோ. ஒரு வயதில் 8.3 இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு கிலோதானா என்று பதறினேன். அவர் சுகாதாரப் புத்தகத்தில் இருந்த வளர்ச்சிக் கோட்டைக் காட்டினார். குழந்தை முதல் வருடத்தில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆகிறது. இரண்டாம் வருடம் முழுவதற்கும் சேர்த்தே இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும், இவள் தன் கோட்டிலேயே போகிறாள் என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்?"

காலையில் ஒரு புட்டி, தூங்கும் முன் ஒன்று, சோறு சாப்பிடாத வருத்தத்தில் மதியம் ஒன்று, நடுராத்திரி ஒன்று. நான்கு புட்டி, புட்டிக்கு 210 மில்லி. 840 மில்லி பால் போன வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம் இருக்கும்? அவளுக்கு 500 மில்லி அளவு போதும் என்றார் தாதி. காரணத்தையும் சொன்னார். இந்த வயதில் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். பசும்பாலிலோ ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. வயிற்றை நிரப்பிவிட்டு இரும்பைத் தராத உணவு அது. பால் மிஞ்சினால் மலச்சிக்கலும் வரும். அவளுக்கு அது இருந்தது. மலம் இறுகிக் கிடக்கும் குழந்தைக்குப் பசிக்காது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புட்டியை நிறுத்திய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. நடுராத்திரிப் பாலை நாளுக்கு முப்பது மில்லியாகக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்தினோம். மதியப் பாலை அடியோடு எடுத்துவிட்டோம். காலையும் இரவும் மட்டும் கோப்பையில் கொடுத்தோம். மூன்று இரவுகள் தூக்கம் போனது. ஐந்தாம் நாள் காலை அவளாகவே "மம்மம்" என்று கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

அந்த நாள்களில் ஒன்று முதல் மூன்று வயதுக்கென்று விற்கும் பால்மாவு டின் ஒன்றையும் வாங்கினேன். சாப்பிடாத குழந்தைக்கு அது ஈடுகட்டும் என்று சொந்தத்தில் சொன்னார்கள். அந்த டின்னுக்குக் கொடுத்த காசில் தேக்கா சந்தையில் ஒரு வாரத்து மீனும் காய்கறியும் வாங்கியிருக்கலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரு வயதுக்குமேல் சாதாரண முழுக் கொழுப்புப் பாலே போதும் என்று மருத்துவர் சொன்னார். இத்தகைய பால்மாவு தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் குழந்தைக்கு மருத்துவர் தனிக் காரணம் சொல்லி எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு. பயத்தில் வாங்குவதாக இருந்தால், வாங்காதீர்கள்.

பசி திரும்பியது. ஆனால் பருப்புச் சாதம் திரும்பவில்லை.

அதற்கு விடை குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கிடைத்தது. ஒரு நாள் அரைநாள் விடுப்பு எடுத்து, அவளை அழைத்துவரப் பதினொன்றரை மணிக்கே போய்விட்டேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முழங்கால் உயர மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள். என் மகள் முன்னால் பிரிப்பு வைத்த தட்டு. ஒரு குழியில் வெள்ளைச் சோறு, ஒன்றில் கோழித் துண்டு, ஒன்றில் முட்டைகோஸ். சோற்றைக் கையில் அள்ளி வாயில் வைத்தாள். கோழியைக் கடித்தாள். முட்டைகோஸை முகர்ந்து பார்த்து ஓரமாக வைத்தாள், கொஞ்சம் கழித்து எடுத்து நக்கினாள். யாரும் ஊட்டவில்லை, "இன்னொரு வாய்" என்று யாரும் கெஞ்சவும் இல்லை. ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவள் நன்றாகத்தானே சாப்பிடுகிறாள்" என்று அவர் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறார். என்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு அவள் மறுத்ததையெல்லாம் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். கஞ்சி, பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், சாம்பார் சாதம், கிச்சடி. எல்லாமே கலந்தவை, பிசைந்தவை. வழவழப்புக்கு நடுவே ஒரு பருக்கை, ஒரு பருப்புத் தோல், ஒரு கறிவேப்பிலை. வாயில் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பிடித்தவை முறுகலானவை, காய்ந்தவை, அல்லது முழுக்க ஒரே பதமாக இருப்பவை. ருசி ஒருபோதும் தடையாக இருந்ததில்லை, அவள் ஊறுகாயைக்கூட நக்குவாள். பதம்தான் அவளைத் தடுத்தது.

நம் வீடுகளில் அன்பு என்றால் பிசைந்த சோறுதான். நெய் விட்டு, கையால் குழைத்து, நிலாவைக் காட்டி ஊட்டித்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். திருவாரூரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அத்தையிடம், இனிமேல் சோற்றையும் பருப்பையும் தனித்தனியாக வைப்போம் என்று சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "பிசையாம வச்சா புள்ளைக்கு எப்படிம்மா வயிறு நெறையும்? என் புருசனுக்கும் பிசைஞ்சேன், உன் புருசனுக்கும் பிசைஞ்சேன்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. "ஒரு மாசம் பாப்போம் அத்தை" என்று மட்டும் கேட்டேன்.

அந்த ஒரு மாதத்தில் எங்கள் அடுப்பு மாறியது. எது எடுபட்டது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். யாராவது ஒரு தாய்க்கு இன்றிரவே உதவலாம்.

முதல் இடம் அடைக்கு. இட்லி அரிசி ஒரு கப், கடலைப் பருப்பு, துவரம் பருப்பு, பாசிப் பருப்பு மூன்றும் தலா கால் கப். மூன்று மணி நேரம் ஊறவைத்து, சீரகமும் துளி இஞ்சியும் சேர்த்து, பெரியவர்களுக்கு அரைப்பதைவிட நைசாக அரைப்போம். மிளகாய் சேர்க்காமல் அவளுக்கு முதலில் எடுத்துவைத்துவிடுவோம். நல்லெண்ணெய் விட்டு மெலிதாக, முறுகலாகச் சுட்டு, விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டிக் கொடுத்தால் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தின்பாள். பருப்புச் சாதத்தில் இருக்கிற அதே அரிசி, அதே பருப்பு! கூடவே ஆரஞ்சுச் சுளையோ பப்பாளியோ வைப்போம். பருப்பில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணைசெய்யும். பப்பாளி அந்த மலச்சிக்கலையும் பார்த்துக்கொண்டது.

அடுத்தது குழிப்பணியாரம். சிரங்கூன் சாலைக் கடையில் ஒரு பணியாரச் சட்டி வாங்கினேன். இந்த வருடம் வாங்கியவற்றில் அதைவிட உபயோகமான பொருள் எதுவும் இல்லை. இட்லி மாவில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, துருவிய கேரட் சேர்த்துச் சுட்டால் குழந்தையின் உள்ளங்கைக்கு அடக்கமான உருண்டை கிடைக்கும். மூன்று பணியாரம் தின்றால் அவளுக்கு ஒரு வேளை முடிந்தது. மிச்சத்தை உறையவைத்து, வேலைநாள்களில் சூடுபடுத்திக் கொடுப்போம்.

கேழ்வரகைக் கூழாகக் கொடுத்தபோது கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அதையே உளுந்து சேர்த்துப் புளிக்கவைத்து மெலிய தோசையாகச் சுட்டதும் சாப்பிட்டாள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலைக் குறைத்துவிட்டோமே என்று தவித்த எனக்கு அந்த எண் பெரிய ஆறுதல்.

ஆவியில் வேகவைத்த முட்டை, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சொல்லிக்கொடுத்தது. ஒரு முட்டையை அடித்து, அதைப்போல் இரண்டு மடங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து, கட்டாயம் வடிகட்டி, மூடி போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம். பட்டுப்போல் ஒரே பதமாக வரும். வழவழப்பானதை இவள் தொடமாட்டாள் என்று நினைத்தேன், கிண்ணத்தை வழித்து முடித்தாள். அதில் வெங்காயத் தாளைத் தூவிய அன்று மட்டும் தொடவில்லை. பதம் பற்றி நான் நினைத்தது சரி என்று அன்று உறுதியானது. அந்த ஆன்ட்டிக்குத் தீபாவளிக்குக் கொடுத்த முறுக்கு போதவே போதாது.

மீனுக்கு இங்கே குழந்தை வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் நாடுவது குராவ், நம் ஊர்க் காலா மீன் வகை. விலை அதிகம். செனாங்கின் என்ற மீன் அதே இனத்தில் சின்னது, விலையும் குறைவு. ஈரச்சந்தையில் "பேபிக்கு" என்று சொன்னால் மீன்காரரே முள்ளெடுத்துத் தருவார். ஆனாலும் வீட்டில் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் நான் சமைப்பதில்லை. மஞ்சள் மட்டும் தடவிப் பொன்னிறமாக வறுத்து, உதிர்க்காமல் துண்டாகவே வைப்பேன். தவுகுவா என்ற கெட்டியான சோயாக் கட்டியையும் அப்படியே, சின்னச் சதுரமாக நெய்யில் நான்கு பக்கமும் சிவக்க வறுத்து வைப்பேன். மீன் கிடைக்காத நாளில் அதுதான் எங்கள் புரதம்.

காய்கறியில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். கீரையை அரைத்து அவளுக்குப் பிடித்த பணியார மாவில் ஒளித்துக் கலந்தேன். இரண்டு கடி கடித்தாள். உள்ளே பச்சையைப் பார்த்தாள். கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வெள்ளைப் பணியாரத்தைக்கூடப் பிட்டுப் பார்க்காமல் தின்னவில்லை. ஒரு கீரைக்காக அவள் நம்பிய உணவையே நான் கெடுத்துவிட்டேன். அதற்குப்பின் எதையும் ஒளிப்பதில்லை. வெண்டைக்காயைச் சுருள வதக்கி ஒரு குழியில் மூன்று துண்டு. அவித்த கேரட் இரண்டு குச்சி. பிராக்கலி ஒரு பூ. தின்றாலும் தின்னாவிட்டாலும் நான் வாய் திறப்பதில்லை. ஒரு நோட்டில் குறித்துவந்தேன். கேரட் குச்சியைப் பதினோராம் முறைதான் விழுங்கினாள். புது உணவை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறைகூட ஆகலாம் என்று உணவியலாளர்கள் சொல்வார்கள். நான் அதற்கு முன்பு எல்லாவற்றையும் மூன்றாம் முறையோடு கைவிட்டிருந்தேன்.

அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் சொன்ன ஒரு பிரிவினை எங்கள் வீட்டுக்கே விதியானது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. கேட்க எளிது. தட்டில் பாதி மிஞ்சிக் கிடக்க எழுந்து போகும் பிள்ளையைக் கூப்பிடாமல் இருப்பது, நான் இதுவரை செய்த கடினமான காரியங்களில் ஒன்று. அளவு தெரிந்த பிறகுதான் மனம் கொஞ்சம் அடங்கியது. ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஒரு தோராயக் கணக்கு. இரண்டு வயதுக்கு இரண்டு கரண்டி சோறு, இரண்டு கரண்டி மீன், இரண்டு கரண்டி காய். நான் வைத்துக்கொண்டிருந்ததோ அதைப்போல் மூன்று பங்கு. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவளுக்கு அந்தக் கொஞ்சத்தில் சத்து செறிவாக இருக்க வேண்டும். அதனால் நெய், நல்லெண்ணெய், தோசைமேல் மெலிதாகத் தடவிய நிலக்கடலை விழுது, வெண்ணெய்ப்பழம் எதற்கும் கை சுருக்குவதில்லை.

மாலை நேரம்தான் வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கண்டம். ஆறே காலுக்கு நிலையத்திலிருந்து எடுப்போம். பேருந்தில் சாப்பிடக் கூடாது என்பதால், நிறுத்தம் வரையிலான நடையில் அவள் அழாமல் இருக்க பிஸ்கட் கொடுப்பது வழக்கம். ஏழு மணிக்குச் சோற்றின் முன்னால் உட்காரும்போது ஐந்து பிஸ்கட் உள்ளே இருக்கும். இப்போது அந்தக் கையில் பாதி அவித்த முட்டையோ ஒரு வாழைப்பழமோ இருக்கிறது. அதற்குமேல் அவள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தாலும், சாப்பிட்டதும் ஒரு சாப்பாடுதானே. கைபேசியையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டோம், பெரியவர்களுடையதும் சேர்த்து. சாப்பாட்டு நேரத்தில் திரை வேண்டாம் என்று 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியிலும் இருக்கிறது. பாட்டு இல்லாத முதல் வாரம் அவள் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

உணவங்காடியில் என்ன வாங்குவது என்று தோழிகள் கேட்பார்கள். தோசை எங்கும் எளிது. கோழிச் சோற்றுக் கடையில் கொழுப்பில் வேகவைத்த சோற்றுக்குப் பதில் வெள்ளைச் சோறும், சாறு ஊற்றாத வேகவைத்த கோழியும், வெள்ளரியும் கேளுங்கள், கொடுப்பார்கள். மீன் சூப்பில் மீனை மட்டும் எடுத்துவைப்பேன். மீன் உருண்டையைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அது குழந்தையின் தொண்டையை அப்படியே அடைக்கக்கூடிய அளவும் வழுக்கலும் கொண்டது. திராட்சையைப்போல அதையும் நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்காதீர்கள். முழு நிலக்கடலை, சோளப்பொரி, கடினமான முறுக்கு எதுவும் இந்த வயதுக்கு வேண்டாம். இக்கான் பிலிஸை, அதாவது காய்ந்த நெத்திலியை, பொடித்துத் தூவுபவர்கள் முதலில் ஊறவைத்து உப்பை அலசிவிடுங்கள்.

இதெல்லாம் எங்கள் மகளுக்குப் பொருந்தியது. எடைக்கோடு கீழே சரிந்துகொண்டே போனாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, தின்னும் உணவுகள் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உணவூட்டலுக்கென்றே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டாம் வாரம் ஒரு மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போது, அவர் சூடு ஆறாத சோற்றை நெய் தொட்ட கையால் இறுக்கி, நெல்லிக்காய் அளவுக்குத் தட்டையாக உருட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பருப்புப் பொடியில் புரட்டித் தட்டில் வரிசையாக வைத்தார். "பிசையக் கூடாதுன்னு தானே சொன்ன, உருட்டக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார். மகள் ஏழு உருண்டை தின்றாள். அன்றிலிருந்து இரவுச் சோறு அத்தையின் கைவேலை.

இரண்டு வயதில் எடை 10.6 கிலோ, அதே கோடு. போன வாரம் அத்தை எங்களுக்கு ரசம் ஊற்றியபோது அவள் தன் தட்டை நீட்டினாள். சோற்றுக் குழியில் கொஞ்சம் ஊற்றினார். ஐந்து விரலையும் உள்ளே விட்டு, ரசம் மேசையில் வழிய வழிய, அவளே பிசைந்தாள். மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு இறங்கி ஓடினாள். அத்தை மேசையைத் துடைத்தபடி, நாளைக்கும் ரசம் வைக்கலாமா என்று என்னைக் கேட்டார்.